சந்தனம் பூசிய ரீல்

ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு, விடிந்ததும் வெள்ளானூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்குப் போய்த் தூண்டிலை வீசினேன். தூண்டில் நரம்பை இழுக்க ரீலின் கைப்பிடியைச் சுற்றியபோது, காய்ந்த அரிசியை மிக்ஸியில் போட்டது போல ஒரு சத்தம் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி சுற்றினேன். அதே சத்தம். மூன்றாவது சுற்றில் கைப்பிடி நின்றுவிட்டது. ரீலை மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தினசரித் தாளை விரித்து ரீலைக் கழற்றினேன். நான் எதையும் வரிசையாக எழுதிப் பார்ப்பவள். அன்றும் எழுதினேன். ஒன்று, உள்ளே கிரீஸ் துளிகூட இல்லை, மண்ணெண்ணெயில் கழுவப்பட்டிருக்கிறது. இரண்டு, பல்சக்கரப் பெட்டிக்குள் தண்ணீர். பேரிங் இரண்டிலும் துரு. மூன்று, நரம்பு உருண்டு வரும் சின்ன உருளையில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். நான்கு, யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காவதைத்தான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

அண்ணன் முத்தாபுதுப்பேட்டையில் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். சாப்பிட வந்தவன் முன்னால் தாளை அப்படியே நகர்த்தி வைத்தேன்.

"இது யார் வேலை?"

எட்டிப் பார்த்தான். முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை. பெருமைதான் இருந்தது. "நான்தாம்மா. ஷெட்டுல பூஜ போட்டேன்ல, ஸ்பேனர், கம்ப்ரசரு எல்லாத்துக்கும் வெச்சேன். உன்னுதும் ஒரு மிஷினுதானேன்னு எடுத்துக்கினு போனேன். முதல்ல வாட்டர் கன்னுல ஒரு அடி, அப்பால மண்ணெண்ணெய்ல ஒரு முக்கு. சும்மா பளபளன்னு ஆயிடுச்சு பாத்தியா?"

"யார கேட்டு எடுத்த?"

"சாமிக்கு வெக்கறதுக்கு யார கேக்கணும்? மத்தவன்லாம் தங்கச்சி மீன் புடிக்குதுன்னு சொல்ல வெக்கப்படுவான். நான் ஷெட்டுல எல்லார் முன்னாடியும் வெச்சு சூடம் காட்டினேன். அதுக்குத் திட்டு வாங்கறேன் பாரு, என் நேரம்."

பைக்கின் செயினைக் கழுவும் அழுத்தத்தில் தண்ணீரை அடித்தால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரீல் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. பேரிங்கைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவனே அவன்தான். ஆனால் அவன் யோசிக்கவில்லை. என்னுடைய பொருளைத் தொடும்போது யோசிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கேயும் ஆயுத பூஜை உண்டு. லேத்துக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, வாசலில் பூசணி உடைப்பார்கள். நான் சேர்ந்த முதல் வருஷம் என் மேஜைமேல் இருந்த மைக்ரோமீட்டரை நோக்கி ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். முடி அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் கருவி அது. கருவிமேல் எதுவும் படக்கூடாது, பெட்டியின் மூடிமேல் பொட்டு வையுங்கள் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். "மேடம் சொன்னா சரிதான்" என்று மூடிமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வருஷா வருஷம் மூடியில்தான் பொட்டு. அந்தக் கூடத்தில் என் அப்பா வயதுக்காரர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. என் வீட்டில் அம்மா, அண்ணன் இரண்டு பேர்தான். ஆறு வருஷமாகச் சொல்கிறேன்.

ஆறு வருஷமாக நான் சொன்னது ஒன்றுதான். ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை என்னுடையது. அந்த நேரத்தில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட வேண்டாம். மற்ற ஆறு நாளும் கம்பெனிக்கு, ஞாயிறு மீதி நேரம் வீட்டுக்கு. இதில் என்ன பெரிய பேராசை இருக்கிறது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ரீல் கெட்டுப்போன செய்தி அம்மாவைச் சந்தோஷப்படுத்தியது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. புதன்கிழமை ராத்திரிக்கு இட்லி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வர ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்கு நசரத்பேட்டையிலேந்து உன்ன பொண்ணு பாக்க வராங்க."

"காலைல எட்டு மணிக்கா?"

"நல்ல நேரம். நீ ஊட்லதானே இருப்ப? அதான் அந்த ராட்டினம் ஒடஞ்சிடுச்சே."

ரீலை ராட்டினம் என்றுதான் சொல்வாள். அவளுக்கு அந்தச் சொல் போதும்.

"ஒடையல. ஒடச்சாங்க."

"சரி, ஒடச்சாங்க. அத்தோட வுடு. வர்றவங்க கிட்ட, எங்க பொண்ணு ஏரிக்கரைல நின்னுக்கினு வெரால் புடிக்குதுன்னா சொல்லச் சொல்ற?"

நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். அதே ஞாயிறு பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை கௌரி நல்ல நேரம் என்று போட்டிருந்தது. காட்டினேன். அம்மா அடுத்த தட்டுக்கு மாவு ஊற்றினாள். எட்டு மணியைத் தேர்ந்தெடுத்தது நேரம் நல்லதாக இருந்ததால் அல்ல. முதல் ஞாயிறு போனால் அடுத்ததும் போகும், அதற்கடுத்ததும் போகும். ரீல் இல்லாதவள் கரையில் நின்று என்ன செய்யப் போகிறாள்? புது ரீல் வாங்க எனக்கு மிச்சமிருந்தது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான்.

வியாழன் மதிய இடைவேளையில் புது ரீலுக்கான பட்டியலைப் போனில் எழுதினேன். சைஸ் எண் இரண்டாயிரத்து ஐந்நூறு. என் தூண்டில் கோலுக்கு அதற்குமேல் கனம் கூடாது. கைப்பிடியை இடது பக்கம் மாற்ற முடிய வேண்டும். பேரிங் எத்தனை என்று கேட்டு மயங்கக் கூடாது. நான்கு நல்லது இருந்தால் பன்னிரண்டு மட்டமானதைவிட மேல். கைப்பிடியைப் பின்பக்கம் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி திக்காமல், ஒரே சீராக விட வேண்டும். நிறம் எதுவானாலும் சரி. அண்ணனை அழைத்துப் போகக் கூடாது.

கடைசி வரியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. "நான்தானே கெடுத்தேன், நான்தான் வாங்கித் தருவேன்" என்று சனிக்கிழமை பைக்கை வாசலில் நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தான்.

பூந்தமல்லியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்தக் கடை. ரீல் வேண்டும் என்று கேட்டவள் நான். கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார்.

"இன்னா தல, கடலுக்கா, ஏரிக்கா?"

"ஏரிக்கு" என்றேன்.

"ஏரிக்காண்ணே?" என்று அவனிடம் உறுதி செய்துகொண்டார். "வெராலுக்கா?"

"ஆமா, வெராலுக்கு" என்றேன்.

"சிஸ்டரு வெவரமா கீறாங்களே!" என்று அவனிடமே சொல்லிச் சிரித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து என்முன் வைத்தார். "லேடீஸ்லாம் இதான் கேப்பாங்க."

"எந்த லேடீஸ்?"

"இன்னா சிஸ்டர்?"

"இதுக்கு முன்னாடி எத்தன லேடீஸ் வந்து ரீல் கேட்டாங்க?"

அவர் இளஞ்சிவப்பு ரீலை ஓரமாக நகர்த்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மூன்றைக் காட்டி எடுக்கச் சொன்னேன். முதல் ரீலில் கைப்பிடி விரற்கடை அளவு பின்னால் போய்விட்டு நின்றது. இரண்டாவதைச் சுற்றும்போது அதன் சுழலும் தலை தள்ளாடியது. "பதிமூணு பேரிங் சிஸ்டர், இம்போர்ட்டடு" என்றார். பதிமூன்றும் சேர்ந்து ஒரு தலையை நேராகச் சுற்ற வைக்க முடியவில்லை என்றேன். மூன்றாவது சாதாரணக் கறுப்பு, ஓரத்தில் ஒரு கீறல். காதோடு வைத்துச் சுற்றினேன். எதுவும் கேட்கவில்லை. மறுபடி மெதுவாகச் சுற்றினேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

நிமிர்ந்தபோது, கல்லாவின் அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம். தங்க நிறத்தில், தேங்காய் அளவு ரீல் ஒன்றில் நரம்பு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"ஆறாயிரம் சைஸு. கடல்ல சுறாவே இழுக்குமாம். ஏரி மீனுலாம் இதுக்கு ஜுஜுபி. ஜிபே பண்ணிட்டேன்."

"நிறுத்தச் சொல்லு."

"ஏம்மா, பெருசா கீதுல்ல?"

"என் கோல் இத தாங்காது. கை ஒரு மணி நேரம் தாங்காது. நான் இங்கதான நிக்கிறேன்? ஒரு வார்த்தை கேட்டியா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"நரம்பு ஏத்திட்டா ரிட்டன் கெடையாது தல" என்றார் கடைக்காரர். இப்போதும் அவனிடம்தான்.

கறுப்பு ரீலை என் பணத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கத்தவில்லை. கத்தினால் நான் கத்தியதைப் பற்றித்தான் ஒரு மாதம் பேசுவார்கள். அவன் தங்க ரீலைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"சரி, தப்புதான். இன்னா பண்ணணும்னு சொல்லு."

"எனக்கு ரீல் நீ வாங்கித் தர வேணாம். மாப்பிள்ள வீட்டுக்கு இப்பவே போன் பண்ணு. எட்டு மணிக்கு வேணாம், பதினொரு மணிக்கு வரச் சொல்லு."

அவன் முகம் மாறிவிட்டது. "அது எப்பிடிம்மா? அவங்க இன்னா நெனைப்பாங்க?"

"என் ரீல எடுத்துக்கினு போகும்போது நான் இன்னா நெனைப்பேன்னு யோசிச்சியா?"

பைக்கில் ஏறாமல் நின்றேன். பேருந்துகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. இரண்டு முறை போனை எடுத்தான், சட்டைப் பையில் போட்டான். மூன்றாவது முறை அழைத்தான்.

"வணக்கம்ணா. ஒண்ணியும் இல்ல, நாளைக்கு எட்டு மணின்னு பேசினோம்ல... தங்கச்சிக்கு ஆபீஸ்ல திடீர்னு ஒரு வேல..."

"பொய் சொல்லாத" என்றேன், அந்தப் பக்கம் கேட்கும்படியே.

"இல்லீங்ணா, ஆபீஸ் இல்ல. மீன் புடிக்கப் போவும். ஆமாங்ணா, தங்கச்சிதான். ஏரியிலதான். இல்லீங்ணா, ஜோக்கு இல்ல. எல்லா ஞாயித்துக்கெழமையும் போவும். ஆங்... சரிங்ணா. சரி."

"இன்னா சொன்னாங்க?"

"பதினொரு மணிக்கே வராங்களாம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

அதைக் கேட்டபோதுதான் கோபம் தலைக்கேறியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன வேலையைச் செய்ய ஆள் இல்லாமல்தான் ஆறு வருஷம் நான் ஒவ்வொரு ஞாயிறுக்கும் சண்டை போட்டிருக்கிறேன். வீடு வரும்வரை அவன் ஹாரன்கூட அடிக்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு ஏரியில் இருந்தேன். ரீல் சத்தமில்லாமல் சுற்றியது. ஒன்பதுக்குள் இரண்டு ஜிலேபி கெண்டையும் கை நீள விரால் ஒன்றும் கிடைத்தன. வழக்கமாக ஒன்பதரைக்குக் கிளம்புவேன். அன்றும் ஒன்பதரைக்குத்தான் கிளம்பினேன். அஞ்சு நிமிஷம்கூட முன்னால் இல்லை.

குளித்து, புடவை கட்டிக்கொண்டு, ரீலை உலர்ந்த துணியால் துடைத்துக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா வந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நான் எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். பூ வைத்துக்கொள்ள நான் உள்ளே போன நேரத்தில் பீரோவுக்குள் போயிருந்தது. எடுத்து வந்து மறுபடி அங்கேயே வைத்தேன்.

"வர்றவங்க கண்ணுல படணுமாடி அது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"படணும்."

அவள் மறுபடி கையை நீட்டியபோது வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் நகரவில்லை. அம்மா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, வாசலுக்குப் போனாள்.