மண்டபத்தில் வாசித்த சீட்டு

எனக்கு இடது காது கேட்காது. முப்பது வயதிலேயே ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. மாதத்தில் நாலைந்து நாள் தலைவலி கண்ணைத் திறக்க விடாது. இதையெல்லாம் என் தலையெழுத்து என்றே நினைத்திருந்தேன், நாற்பத்திரண்டு வயது வரைக்கும்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு, ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் பெல்ட்டைக் கழற்றினால் அம்மா எழுந்துபோய் மிக்ஸியைப் போடுவாள். ஜாருக்குள் அரைக்க ஒன்றும் இருக்காது. என் அலறல் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். அண்ணனை அவர் தொட்டதில்லை. ஒன்பதாவதில் கணக்கில் நான் ஃபெயிலானபோது அறைந்த அறையில் காதிலிருந்து ரத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லும்படி வீட்டில் சொன்னார்கள். சொன்னேன்.

இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கிறேன். அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்கு ஒருத்தி வருவாள். வேப்பம்பட்டுப் பக்கத்து இருளர் குடியிருப்பு. என்னைவிட ஆறு வயது சின்னவள். அவளுக்குத் தீராத இடுப்புவலி, ராத்திரியில் தூக்கம் கிடையாது. போன வருடம் ஒருநாள் இருவருமாக அரைநாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இளம் டாக்டரம்மா. என் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தவர் திடீரென்று, "சின்ன வயசுல வீட்ல அடிப்பாங்களாம்மா?" என்றார்.

அதுவரை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். "எல்லாத்துக்கும் அதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா பயத்துலயே வளர்ற உடம்பு பின்னாடி இப்படியெல்லாம் காட்டும்."

அடுத்து அவள் உட்கார்ந்தாள். "குடிப்பியா? புகையிலை போடுவியா?" என்று கேட்டுவிட்டு வலி மாத்திரை எழுதத் தொடங்கினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மேடம், என்கிட்ட கேட்டத இவகிட்டயும் கேளுங்க," என்றேன்.

பேனா நின்றது. டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, அதையே கேட்டார்.

"ஊட்ல யாரும் அடிக்கல மேடம். மில்லு ஓனருதான்."

அவள் அப்பாவும் அம்மாவும் ஓர் அரிசி மில்லில் கொத்தடிமையாக இருந்தவர்கள். எட்டு வயதில் அவள் களத்தில் நெல் காயவைக்க, மழை வந்து நெல் நனைந்திருக்கிறது. ஓனர் பூட்ஸ் காலால் இடுப்பில் உதைத்தானாம். மூன்று நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக கேட்டைத் திறந்துவிடவில்லை. "இப்ப கூட மய இருட்டிகினு வந்தா கையி காலு நடுங்குது மேடம்," என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் என்னைக் கேட்டாள்: "உன்ன அட்சவரு இன்னும் கீறாரா க்கா?"

"இருக்காரு. அடுத்த மாசம் எண்பது. மண்டபம் புடிச்சு விழா."

"என்ன அட்சவன் பூட்டான். செவுத்துல போஸ்டர் ஒட்டி இருந்தாங்கோ. காறித் துப்புனேன். செத்தவனுக்கு வலிக்கவா போவுது? உன்னுது உசுரோட கீது. உடாத."

நசரத்பேட்டை அருகே மண்டபம். "நீயும் அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை பேசு," என்று அண்ணன் போனில் சொன்னான். சந்தோஷமாகச் சரி என்றேன். அந்த ஒரு மாதம் முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான மாதம் இருந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். மைக்கைப் பிடித்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். காதுப் பரிசோதனை. ரத்தக்கொதிப்பு. மாத்திரைப் பெயர்கள். "இதெல்லாம் எங்கப்பா எனக்குக் கொடுத்தது," என்றேன்.

"ஏட்டி, வாய மூடு! அடிச்சு வளத்ததாலதாம்ட்டி இன்னிக்கு நீ ஆளா நிக்கே," என்று மேடையிலேயே அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் பழைய பழக்கத்தில் கையையும் ஓங்கினார். அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள், சம்பந்தி வீட்டார், பேரப் பிள்ளைகள். நான் அசையவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் விலகிக்கூட நின்றேன். அண்ணன் மைக்கைப் பிடுங்கினான். மாலையோடு தலைகுனிந்திருந்த அம்மாவிடம், "இங்க மிக்ஸி இல்லம்மா," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அதன்பிறகு அப்பா வாக்கிங் போவதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பார்க் பெஞ்சில் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம். கேட்டு மகிழ்ந்தேன். ரத்தக்கொதிப்பு மட்டும் இறங்கவில்லை. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டித்தான் எழுதினார்.

"நிம்மதியா கீறியா க்கா?" என்றாள் அவள்.

"நிம்மதி இல்ல. திருப்தியா இருக்கு."

போன வாரம் அம்மா போன் செய்தாள். "அப்பாவுக்கு முடியல. உன்னயப் பாக்கணும்ங்காவ."

"மன்னிப்பு கேப்பாரா?"

"பெத்த தகப்பன் எங்கயாச்சும் மகள்ட்ட மன்னிப்பு கேப்பானாட்டி?"

"அப்ப வரல," என்று வைத்துவிட்டேன். மில்லில் உதை வாங்கியவளின் இடுப்புக்கு அன்றைக்கு எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். இருவரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.