பரமலிங்கத்தின் நிறம்

நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட, படங்களுக்குச் சட்டம் போடும் கடை என்னுடையது. சாமிப்படம், பட்டமளிப்புப் படம், செத்தவர்களின் படம் என்று வடமராட்சியில் என் கைக்குள் வராத முகம் குறைவு. கண்ணாடியும் மரமும் எனக்குத் தெரியும், நிறம் தெரியாது. ஆனால் நிறத்தோடு மல்லுக்கட்டுகிற ஒருத்தியை நன்றாகத் தெரியும்.

ஆரணி நீர்வேலியில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, ஆசிரியர் நியமனம் இன்று வரும், நாளை வரும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், கடைசியில் பசளையும் கிருமிநாசினியும் விற்கும் கடையொன்றில் வேலைக்குப் போனாள். கணவன் செந்தூரன் வாழைத்தோட்டக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒயில் பெயின்றில் முகங்கள் கீறுவாள். கீறிய படம் சட்டத்துக்கு என்னிடம் வரும். என்னை அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். நான் சொல்வதை மட்டும் கேட்கமாட்டாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருக்கிறது. படம் தொடங்குமுன் பெட்டியிலுள்ள டியூப்புகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, தோட்டத்தில் கன்று தெரிவு செய்கிறவள் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். நாலைந்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டு மூடி, தனக்கு எட்டாத உயரத்தில் அலுமாரிக்கு மேலே வைக்கச் சொல்லிச் செந்தூரனிடம் கொடுத்துவிடுவாள்.

“பெட்டி கைக்கெட்டுற இடத்திலை இருந்தால் எல்லாம் கலக்கிற தட்டுக்கு வந்திடும் அண்ணை. பிறகு முகம் சேறாய்ப் போயிடும்” என்பாள்.

கறுப்பு டியூப் அவள் வாங்குவதேயில்லை. கறுப்பு வேண்டுமென்றால் மண்ணிறத்தோடு கடும் நீலத்தைக் கலப்பாள். கடையில் கறுப்பு விற்கும்போது இந்த வில்லங்கம் எதற்கு என்று நான் பலமுறை கேட்டுவிட்டேன். சிரிப்பாள்.

இந்த வருசம் சித்திரை கழிந்த கையோடு தனுஷிகா என்ற பிள்ளை என் கடைக்கு வந்தாள். வல்வெட்டித்துறையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். ஆவணியில் அவளுக்குக் கலியாணம். தகப்பன் பரமலிங்கம் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பி வராதவர். அப்போது அவள் கைக்குழந்தை. வீட்டிலிருந்த ஆல்பங்கள் இடம்பெயர்வில் பாதியும் சுனாமியில் மிச்சமுமாகப் போய்விட்டன. அவரின் அடையாள அட்டை மட்டும் தப்பியிருந்தது. அதிலுள்ள கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்திருந்தாள்.

“பெரிசாக்கிச் சட்டம் போட்டுத் தரலாம் பிள்ளை” என்றேன்.

“பெரிசாக்கிறது கிடக்கட்டும் ஐயா. நிறமாய் வேணும்” என்றாள். “எனக்கு அப்பாவின்ரை நிறம் தெரியாது.”

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளை நல்ல கறுப்பு, நல்ல வடிவு. தாய் வெள்ளைத்தோல்காரியாம். சின்ன வயதிலிருந்து கோயிலடியிலும் சாமத்திய வீடுகளிலும் யாராவது ஒருவர், “தாயின்ரை நிறத்திலை பாதி கூட இல்லையே” என்று சொல்லிவிட்டுத்தான் பலகாரத் தட்டை நீட்டுவார்களாம். தகப்பனோடு கூடப்பிறந்த மாமியோ, தன் தம்பியும் சிவலைதான் என்று அடித்துச் சொல்வாவாம்.

“அப்ப நான் ஆரைக் கொண்டு பிறந்தனான்? சின்னனிலை, நான் இவையின்ரை பிள்ளைதானோ எண்டு கூட யோசிச்சிருக்கிறன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் துடைத்த துணியைக் கீழே வைத்தேன். மணவறைக்குப் போகமுன் தகப்பனின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும், அந்த நேரத்திலாவது அவர் தன் அப்பாவாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அடுத்த ஞாயிறு ஆரணியை என் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனேன். தாய் கமலாவதி அதிகம் கதைக்காதவர். அவருக்கும் சேர்த்துக் கதைக்க மாமி குணலட்சுமி வந்திருந்தார்.

“அவர் என்ன நிறம் அம்மா?” என்று ஆரணி தாயைக் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று பதில்தான்: சிவலை, பொதுநிறம், கறுப்பு. கலியாணம் பேசிப் பேசிப் பழகிய வாய்கள். கறுப்பைப் பொதுநிறம் என்பார்கள், பொதுநிறத்தைச் சிவலை என்பார்கள். ஆள் செத்துவிட்டால் இன்னொரு படி ஏற்றிவிடுவார்கள்.

“நல்ல சிவலை,” என்று மாமி முந்திக்கொண்டார். “கலியாணத்தண்டு பார்த்தவையைக் கேளுங்கோ. பட்டு வேட்டியோடை நிக்கேக்கை கண்பட்டுப் போகும் எண்டு நான்தான் நாவூறு கழிச்சனான்.”

“மச்சாள் சொல்லுறது சரிதான்” என்று சொல்லிவிட்டுக் கமலாவதி தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

ஆரணி அதை நம்பி நிறங்களை எடுத்தாள். வெள்ளை, வெளிர் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, பிறகு தோல்நிறம் என்று கொம்பனிக்காரன் பெயர் ஒட்டி விற்கிற டியூப் ஒன்று. அந்த நிறத்தில் தோல் உள்ள மனிசரை நான் யாழ்ப்பாணத்தில் கண்டதில்லை. மற்றவற்றை வழமைபோல அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

ஆனி தொடங்கும்போது படம் முடிந்துவிட்டது. நானும் தேக்கில் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். மாமிக்கு வாயெல்லாம் பல். கமலாவதி, “நல்லாயிருக்கு” என்றார், பக்கத்து வீட்டார் கொடுத்துவிட்ட கறியைச் சொல்வது போல. தனுஷிகா கையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

“வடிவான ஆள்” என்றாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

ஆரணி எழும்பினாள். இன்னும் கொஞ்ச வேலை இருக்கிறது என்று மாமியிடம் ஏதோ சாட்டுச் சொல்லி, படத்தைத் திரும்பத் தூக்கி ஓட்டோவில் வைத்தாள். வல்லை வெளி தாண்டியதும் என் பக்கம் குனிந்தாள்.

“அண்ணை, இதை நான் முதலிலையிருந்து கீறப்போறன்.”

“உமக்கென்ன விசரே? கலியாணம் ஆவணியிலை. உம்மடை பெயின்ற் காயிறதுக்குள்ளை செந்தூரன்ரை வாழை குலை தள்ளிடும்.”

“அந்தப் பிள்ளை பார்த்ததை நீங்கள் காணேல்லையே? ஆரோ பிறத்தி ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது. நிறம் கேட்ட பிள்ளைக்கு மாமியின்ரை கதையைக் கீறிக் குடுத்திருக்கிறன்.”

எனக்குச் சரியான கோபம். போட்ட சட்டத்தைக் கழற்றுவது போல எனக்குப் பிடிக்காத வேலை உலகத்தில் வேறில்லை. ஆனாலும் அவள் சொன்னது உண்மை என்று தெரிந்ததால் கழற்றித் தருகிறேன் என்றேன்.

அடுத்த முறை அவள் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். என் கடையில் வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். கமலாவதியின் வீட்டு யன்னலோரம் மேசையை இழுத்து, கண்ணாடிக்குக் கீழே சாம்பல் நிறக் கடதாசி விரித்து, அதன்மேல் நிறங்களைப் பிதுக்கினாள். மாமியும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து குந்திவிட்டார்.

“அம்மா, இண்டைக்கு நீங்கள் பெயர் சொல்ல வேண்டாம்” என்றாள் ஆரணி. “நான் கலக்கிறன், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கோ. அவர் எண்டு படுகிற இடத்திலை நிப்பாட்டுங்கோ.”

முதலில் பழைய படத்தின் நிறத்தையே கலந்து கண்ணாடியில் ஒரு பூச்சுப் பூசினாள். கமலாவதி குனிந்து பார்த்தார்.

“உது தை மாசத்து நிறம்” என்றார்.

ஆரணிக்கு விளங்கவில்லை. கடலில்லாத செம்மண் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு மனிசரின் நிறம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பது புதுக்கதை.

“எங்கடை கலியாணம் தையிலை,” கமலாவதி மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். “அதுக்கு முன்னம் வாடைக்காத்து. கடல் அடிச்சுக்கொண்டு கிடக்கும், தொழிலுக்குப் போகேலாது. வீட்டுக்குள்ளை இருந்து இருந்து ஆள் வெளிறிப் போவார். இஞ்சை எல்லா மாப்பிள்ளையும் தையிலை சிவலைதான். பிறகு பங்குனி, சித்திரை எண்டு வெயிலுக்கை போகப் போக ஆள் மாறிடும். மச்சாள் திருகோணமலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகேக்கை அவர் பள்ளிக்கூடம் போற பெடியன். பிறகு அவ வந்தது எங்கடை கலியாணத்துக்கு, அதுக்குப் பிறகு ஒரு பொங்கலுக்கு. அவ கண்டது உந்த நிறம்தான்.”

குணலட்சுமி கதிரையில் நிமிர்ந்தார். “அப்ப என்ரை தம்பி கறுப்பு எண்டுறியோ கமலா?”

“ஓம் மச்சாள்,” என்றார் கமலாவதி. “நல்ல கறுப்பு. எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும்.”

மாமி கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். வாசலில் நின்ற தனுஷிகா உள்ளே வந்தாள்.

“ஏன் அம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“திரும்பி வராத மனிசனை அவற்றை அக்கா நல்லாய்ச் சொல்லிக்கொண்டிருக்கேக்கை, நான் குறுக்கை விழுந்து இல்லை, கறுப்பு எண்டு சொல்லுறதோ? குறை சொன்ன மாதிரியெல்லோ இருக்கும். அது உனக்கு இவ்வளவு நோகுது எண்டு நான் நினைக்கேல்லை பிள்ளை.”

ஆரணி அவர்கள் பக்கம் பார்க்கவில்லை. தோல்நிற டியூப், சிவப்பு, வெளிர் மஞ்சள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடி என்னிடம் நீட்டினாள்.

“ஓட்டோவுக்கை கொண்டுபோய் வையுங்கோ அண்ணை” என்றாள். இங்கே அலுமாரிக்குப் பதில் நான்.

திரும்பி வந்து பார்த்தபோது அவள் முன்னால் காவி மஞ்சள், சுட்ட செம்மண் நிறம், கடும் மண்ணிறம், அல்ட்ராமரின் என்கிற ஆழ்கடல் நீலம், ஒரு சொட்டு வெள்ளை, இவ்வளவுதான் இருந்தன.

“எந்த மாசம் வேணும் அம்மா?” என்று கேட்டாள்.

“ஆடி” என்றார் கமலாவதி.

செம்மண் நிறத்தை நடுவில் வைத்து மண்ணிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். பூசிக் காட்டினாள். கமலாவதி தலையாட்டவில்லை. இன்னும் கொஞ்சம் மண்ணிறம். இல்லை. ஆரணி நிறம் கலக்கும் கத்தியின் நுனியில் நீலத்தைத் தொட்டுக் கலந்தாள்.

“முகத்துக்கு நீலமோ?” மாமி கதிரையை முன்னுக்கு இழுத்தார். “கிருஷ்ணரையோ பிள்ளை கீறுறாய்?”

ஒருவரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டேன். நீலம் மண்ணுக்குள் மறைந்ததும் அந்தக் கலவை வேறொன்றாகிவிட்டது. அதற்குள் ஒரு சூடு இருந்தது. எத்தனை கறுப்பு டியூப் வாங்கினாலும் அப்படி வராது என்று எனக்கே தெரிந்தது.

“இன்னும்” என்றார் கமலாவதி. இப்போது அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். “இன்னும் கொஞ்சம்... ம்... காணும். காணும் பிள்ளை. இனி ஒண்டும் போட வேண்டாம்.”

பிறகு அவர் நிறுத்தவேயில்லை. தலையில் துவாய் கட்டுகிற இடத்தில் நெற்றி மட்டும் வெளிறியிருக்கும் என்றார். மூக்கு நுனியில் எண்ணெய் பூசினது மாதிரி ஒரு மினுக்கம் என்றார். ஆரணி ஒவ்வொன்றையும் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் பூசிக்கொண்டு போனாள். முகமே இல்லாமல் ஒரு மனிசன் அந்தக் கண்ணாடியில் வந்துகொண்டிருந்தார்.

வெயில் மேசைக்கு ஏறியது. கண்ணாடியை நிழலுக்கு நகர்த்தத் தனுஷிகா அதன் விளிம்பைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய மணிக்கட்டுக்கும் அந்தப் பூச்சுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

“அம்மா,” என்றாள். “இது நான்.”

“ஓம்,” என்றார் கமலாவதி. “நீ பிறந்தது ஆடியிலை. ஆவணி, புரட்டாதியெல்லாம் கடலாலை வந்து குளிச்ச கையோடை உன்னைத்தான் தூக்குவார். நெஞ்சிலை போட்டுக்கொண்டு படுப்பார். அவற்றை கை எது, உன்ரை கால் எது எண்டு எனக்கே பிடிபடாது.”

தனுஷிகா மேசையோரம் குந்தி அழத் தொடங்கினாள். குணலட்சுமி எழும்பிப் போய் அவளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க யன்னலுக்கு வெளியே ஓட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரணியிடம் வந்தாள்.

“அக்கா, படத்திலை அப்பாவின்ரை கையும் வேணும்.”

ஆரணி அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். தோளோடு முடிந்துவிடுகிற படம். “இதிலை கை இல்லையே தனுஷிகா. நான் எதைப் பார்த்துக் கீறுறது?”

“என்ரை கையைப் பாருங்கோ.”

“உம்மடை கை சின்னனெல்லோ.”

“அளவை நான் சொல்லுறன்,” என்றார் கமலாவதி. மகளைக் கதிரையில் இருத்தி, அவளின் கைகளை எடுத்து மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். “நிறத்தை இவளிலை பாருங்கோ.”

ஆரணி தூரிகையை எடுத்தாள். கையும் வருகிறதென்றால் என் தேக்குச் சட்டம் காணாது. பெரிதாக ஒன்று வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்து வர ஓட்டோவுக்குப் போனேன்.