ஒரு கால் படியில்

எங்கள் தெருமுனையில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் தலையில் ஒரு தகரம், தகரத்தில் பஸ்ஸின் எண். நான் பிறப்பதற்கு முன்பே நட்டது. பஸ் நிற்பது ஒன்றைத் தவிர, ஒரு நிறுத்தத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

காரணம் மூக்கு. தெருவின் மறுகோடியில் தோல் தொழிற்சாலை. உப்பும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் சேர்ந்த அந்த வாடை எங்களுக்குத் தெரியாது, பஸ்ஸில் வருபவர்களுக்கு நன்றாகத் தெரியும். வண்டி கம்பத்தை நெருங்கும்போதே ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொள்ளும். கண்டக்டர் இரண்டு விசில் கொடுப்பார். இரண்டு விசில் என்றால் நிற்காமல் போ என்று அர்த்தம். எங்கள் தெருவில் அவர் பெயரே ரெண்டுவிசில்தான். நாங்கள் அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய் ஏறுவோம். அந்த நடையில் பாதிப் பேருக்கு வேலை பிந்திவிடும்.

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாமா ஒருநாள் வேலை தேடிப் போனவர், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அதனால் அத்தை எங்களோடு. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு, சுருக்கமில்லாமல் மறுபக்கம் எடுப்பது அவள் வேலை. எங்கள் தெருவில் தோலைத் தொடாத வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான்.

அத்தை சொந்த முயற்சியில் மேலே வந்தவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சொந்த முயற்சியில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல், தோல் ஏற்ற வந்த லாரி டிரைவருடையது. செருப்பு என் அம்மாவுடையது. வெள்ளைச் சட்டை, மேட்டு வீட்டுத் தையற்காரர் மிச்சத் துணியில் ஒட்டுத் தெரியாமல் தைத்தது. சட்டையில் வாடை இல்லாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். தொழிற்சாலைக் காற்று அவர் மாடிப் பக்கம் போகாது. அதனால் வெளி வேலைக்குப் போகிறவர்களின் துணியெல்லாம் அங்கேதான் காயும். மழை வந்தால் அவர் முதலில் எடுப்பது எங்கள் துணியை. அவருடைய லுங்கி நனையும்.

இப்படி ஒரு தெருவே சேர்ந்து அனுப்பிவைத்த அத்தை, இரண்டு முறை வேலைக்குத் தாமதமாகப் போனாள். மூன்றாவது முறையும் தாமதமானால் வேலைக்கே வர வேண்டாம் என்று சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அம்மா சொல்லிவிட்டார்.

அத்தை பஸ் அலுவலகத்துக்குப் போனாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள்.

எந்தத் தெரு என்று சொன்னதும் மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன்னையறியாமல் ஒருமுறை மூக்கால் இழுத்தும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

"எங்கம்மா வேலை?"

"ஆஸ்பத்திரியிலங்க. ரொம்ப நாளா எங்க ஸ்டாப்புல வண்டி நிக்கிறதில்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"பாருங்கம்மா. அங்கேயே பிறந்தாலும் நீங்க சொந்த முயற்சியில முன்னுக்கு வந்தவங்க. உங்களைப் பார்த்தா அந்தத் தெருன்னே தெரியல."

"தெரியலைங்களா?"

"சத்தியமா தெரியல. டிரைவர்கிட்ட சொல்லிடறேன். காலைல நீங்க மட்டும் தனியா நில்லுங்க, வண்டி நிக்கும். கும்பலா நின்னா உள்ள இருக்கறவங்க சத்தம் போடறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அத்தை மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் எல்லோரும் இருக்கும்போதே விஷயத்தைச் சொன்னாள்.

"மகாராணிக்குத் தனி வண்டி" என்றார் அப்பா. "நாங்க ஓரமா நின்னு கும்பிடு போடணுமாக்கா, இல்ல கையாட்டினா போதுமா?"

"மூணாவது தடவை லேட்டானா வீட்டுக்குப் போன்னுடுவாங்கடா. நீ உக்காத்தி வச்சு சோறு போடுவியா?"

"சும்மா இருப்பா" என்று அப்பாவை அடக்கினார் தையற்காரர். "ஒருத்தர் வேலையாவது தங்கட்டும். நீ போ தங்கச்சி."

மறுநாள் அத்தை கம்பத்தடியில் தனியாக நின்றாள். வழக்கமாக அங்கே நிற்கும் மற்றவர்கள் சுண்ணாம்புக் கிடங்கின் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களை யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. செருப்புக் கடையில் வேலை பார்க்கும் பெண், வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்கள், வங்கியில் காவலாளியாக இருக்கும் அண்ணன். டிரைவர் கண்ணுக்கு அத்தை மட்டும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பஸ் நின்று அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவர்கள் வெளியே வந்து நடக்க ஆரம்பித்தார்கள்.

சுவர் குட்டை. காவலாளி அண்ணன் நெட்டை. காவல் காப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதருக்கு ஒளியத் தெரியவில்லை. தொப்பி மேலே தெரிந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் அத்தை பின்பக்கக் கண்ணாடி வழியாக அந்தத் தொப்பியைப் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மாட்டாள்.

ஒருநாள் காலை பஸ் நின்றது. அத்தை ஒரு காலைப் படியில் வைத்தாள். மற்றது தரையிலேயே இருந்தது.

"ஏறும்மா" என்றார் ரெண்டுவிசில்.

"ஏறிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னொரு காலு?"

"அது வருது." அத்தை சுவர்ப் பக்கம் திரும்பினாள். "வாங்க எல்லாரும்."

யாரும் வரவில்லை. தொப்பி சட்டென்று கீழே இறங்கியது. சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "நீ போம்மா, உனக்கு லேட்டாகும்" என்றது.

"ஆகுதுல்ல? நீங்க ஏறினாத்தான் இந்தக் காலு ஏறும். என் வேலை போச்சுன்னா அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

இதற்கு மேல் யார் நிற்பார்கள்? சுவரைச் சுற்றி வரக்கூட நேரமில்லாமல் காவலாளி அண்ணன் தாண்டியே வந்தார். எல்லோரும் ஏறிய பிறகுதான் அத்தையின் இன்னொரு கால் தரையை விட்டது. உள்ளே ஓர் அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். செருப்புக் கடைப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "உங்க சென்ட்டு ஆன்ட்டி, தலை வலிக்குது" என்றாளாம்.

அடுத்த நாள் அத்தை மட்டும் நின்றும் பஸ் நிற்கவில்லை. இரண்டு விசில்.

நடந்துபோய் அடுத்த வண்டியைப் பிடித்து, மூன்றாவது முறையாகத் தாமதமானாள். மேற்பார்வையாளர் அம்மா அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை, உருளையிலிருந்து எடுத்து ஈரப் பகுதியில் போட்டார். அறுவை அறையிலிருந்து வரும் ரத்தத் துணிகளை அலசி எடுக்கும் இடம். சம்பளமும் ஒரு படி கீழே. அத்தை வீட்டுக்கு வந்து, சாப்பாடு என்னவென்று கேட்டாள். அப்பா கேலி செய்யாமல் தட்டை எடுத்து வைத்தார்.

அவள் சாப்பிடும்போது அவர் சொன்னார். "ஏத்தறதுக்கு நிறுத்த மாட்டான், சரி. இறக்கறதுக்கு நிறுத்தித்தானே ஆகணும்?"

இதை முதலில் சொன்னது நான். அப்பா அதை உரக்கச் சொன்னார், அதனால் அது அவருடையதாகிவிட்டது.

அத்தை தட்டைத் தள்ளிவைத்தாள். அன்றே வீடு வீடாகப் போய், யார் எந்தக் காலையில் முந்தைய நிறுத்தத்துக்கு நடப்பது என்று பேசி முடித்தாள். முதல் ஆளாக அப்பாவைப் போட்டாள்.

"குளிச்சிட்டுப் போகவாக்கா?"

"வேண்டாம். அப்படியே போ."

தொழிற்சாலையில் தோல் அலசும் அப்பா முழு வாடையோடு முந்தைய நிறுத்தத்தில் ஏறி, எங்கள் கம்பத்துக்கு டிக்கெட் கேட்டார். ரெண்டுவிசில் யோசித்துத்தான் கொடுத்தாராம். கம்பம் நெருங்கியபோது அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அப்பா எழுந்து, "நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி. கடைசி ஸ்டாப் வரைக்கும்கூட வர்றேன்" என்று சொல்லிக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியிருக்கிறார். இத்தனை காலம் நிறுத்தாதே என்று சத்தம் போட்ட அதே ஆட்கள், "அட, நிறுத்துய்யா முதல்ல. இவரை இறக்கிவிடு" என்றார்கள்.

வண்டி நின்றது. அப்பா ஒரு காலைத் தரையில் வைத்தார். மற்றது படியில். "செருப்பு மாட்டிக்கிச்சுங்க" என்று குனிந்து தேடிக்கொண்டே இருந்தார். அவரைத் தாண்டித் தெருவே ஏறியது. இம்முறை யாரும் சுவருக்குப் பின்னால் நிற்கவில்லை.

மறுநாள் தையற்காரருக்குச் செருப்பு மாட்டியது. அதற்கு மறுநாள் என் அம்மாவுக்கு. எங்கள் தெருக்காரர்களைப் போல் மெதுவாக இறங்கத் தெரிந்தவர்கள் எங்கும் கிடையாது. ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி இறங்கிக்கொண்டே இருந்தோம். ஒரு காலை, முந்தைய நிறுத்தத்துக்குப் போக வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல், யாரும் போகவில்லை. பஸ் தானாக நின்றது. பழக்க தோஷமாக இருக்கலாம். நாங்கள் காரணம் கேட்கவில்லை, ஏறிக்கொண்டோம்.

அத்தை இன்னும் ஈரப் பகுதியில்தான் இருக்கிறாள். விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிக் கிடக்கும். பஸ்ஸில் எப்போதும் கடைசியாகத்தான் ஏறுவாள். ஒரு காலைப் படியில் வைத்து, சுண்ணாம்புக் கிடங்குச் சுவரை ஒருமுறை பார்ப்பாள். கம்பத்தடியில் அவளைத் தவிர யாரும் இல்லாத நாளிலும் பார்ப்பாள். ரெண்டுவிசில் விசிலைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார். டிரைவரும் கண்ணாடியில் அந்தச் சுவரைப் பார்ப்பார்.

பிறகுதான் வண்டி கிளம்பும்.