வெர்லீன் சொல்ல வேண்டிய வார்த்தை

வெர்லீன் டாக்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மேற்கு டெக்சஸில் அவள் ஊர்ப்பக்கம் சமாதான நீதிபதி தேர்தலுக்கு வேறு யாரும் நிற்கவில்லை, அதனால் நீதிபதியானாள். வேக அபராதம், வாடகைத் தகராறு, கல்யாணம் எல்லாம் ஒரே அறையில். பெரிய நகரங்களில் சாவை உறுதிசெய்ய மருத்துவர் உண்டு. இங்கே குதிரைவண்டிக் காலத்திலிருந்து அது சமாதான நீதிபதியின் வேலை. அவள் சொல்லும்வரை சட்டப்படி யாரும் செத்தவரல்ல.

ஒருமுறை வெள்ளம் சாலையை மறித்தபோது, ஒருவர் இறந்துவிட்டதாகத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள். சவ வண்டியில் அந்த மனிதர் விரலை அசைத்தார். அதன்பிறகு, தன் கண்ணால் பார்க்காமல் அவள் சொல்வதில்லை. பார்த்தும் சட்டென்று வாய் வருவதில்லை.

அன்று மாலை க்ரூஸ் பயேசாவின் பண்ணைக்கு வரச் சொல்லி அழைப்பு. கிழவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலடியில் அவருடைய நாய்.

"கேட்டை மூடினியா? மாடு வெளிய போனா அவரு திட்டுவாரு," என்றாள் அவர் மனைவி ஒட்டிலியா, கூட வந்த போலீஸ்காரன் கோல்பியிடம்.

"மூடிட்டேம்மா."

"இப்பதான் தண்ணி கேட்டாரு, வெர்லீன். எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவளே நீதானே. அவசரப்பட்டுச் சொல்லிடாத."

பக்கத்திலிருந்த கோப்பையில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. விளிம்பு ஈரம்.

வெர்லீன் தன் கைக்கண்ணாடியை அவர் மூக்கருகே பிடித்தாள். ஆவி படியவில்லை. மணிக்கட்டு சில்லிட்டிருந்தது. அந்த வெள்ளத்தன்றும் போனில் இதைத்தான் சொன்னார்கள்.

"ஜட்ஜம்மா, ஆம்புலன்ஸ்காரங்களே கைவிரிச்சிட்டுப் போயிட்டாங்க. சொல்லுங்க, கிளம்பலாம்."

"ஸ்பீடா போறவனுக்குச் சீட்டு கிழிக்கிற வேலையில்ல கோல்பி இது. பேசாம நில்லு."

அவள் எதிரே உட்கார்ந்தாள். வெளியே காற்றாலை நின்றுபோயிருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை.

வெளிச்சம் மங்கும்போது நாய் எழுந்தது. தலையை உயர்த்தி, வாலாட்டியபடி, யாரோ ஒருவரின் நடைக்கு ஈடுகொடுத்து நடப்பதுபோல வாசலைக் கடந்தது. கேட்டருகே போய்க் காத்து நின்றது. கோல்பி பின்னாலேயே போய்க் கேட்டை விரியத் திறந்துவிட்டுத் திரும்பினான். கிழவர் சாய்ந்திருந்தும் நாற்காலி முன்பைவிடக் காலியாகத் தெரிந்தது வெர்லீனுக்கு.

"க்ரூஸ் பயேசா இறந்துவிட்டார்," என்றாள். ஒட்டிலியா மீதித் தண்ணீரைத் தானே குடித்தாள்.

கார் கேட்டை எட்டியபோது கேட் மூடியிருந்தது. நாய் உள்ளே உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ மூடினியா?"

"இல்ல ஜட்ஜம்மா. நாய் போகட்டும்னு தொறந்துதான் விட்டேன்."

மாட்டியிருந்த சங்கிலி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெர்லீன் இறங்கி அதைக் கழற்றினாள். கார் வெளியே போனதும், கேட்டை இழுத்து மூடி, சங்கிலியை முன்பிருந்தபடியே மாட்டினாள்.