லாரிக்காரனின் விரிப்பு

என் பெரியம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கொதிநீர்த் தொட்டியிலிருந்து வரும் விரிப்புகளை உதறி, உலர்த்தி, மடித்து அடுக்க வேண்டும். ஆவியில் வெந்து அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும். வீட்டில் அவளுக்குப் பேரக்காரி என்று பெயர். கடைக்காரர்களோடு மட்டுமல்ல, கர்த்தரோடும் பேரம் பேசுவாள். இதைச் செய்கிறேன், அதைத் தாரும் என்பாள். "அக்கா ஜெபம் பண்ணா தேவதூதன் தராசோட இறங்கணும்" என்று என் அம்மா சிரிப்பாள்.

பெரியப்பா அந்தச் சலவைக்கூட வாசலில்தான் இறந்தார். பின்னால் பார்க்காமல் எடுத்த லாரி அவரைச் சுவரோடு நசுக்கிவிட்டது. ஓட்டியவன் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தான். சில வருடங்களில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. மனைவி விட்டுப் போனாள். பக்கத்து வீட்டார் சாப்பாடு மட்டும் ஊட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் ஜெபத்திலிருந்து எழுந்த பெரியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவன்கிட்டப் போன்னு சொல்றார்டி" என்றாள் அம்மாவிடம்.

"யாரு?"

"வேற யாரு சொன்னா நான் கேப்பேன்?"

அப்போது அவளுடைய ஒரே மகன், என் அண்ணன், சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெரியம்மா உடனே பேரத்தைத் தொடங்கினாள். "அவனை நான் பாத்துக்கறேன். எம் புள்ளைய நீர் பாத்துக்கும்."

தினமும் வேலைக்குப் போகும் வழியில் லாரிக்காரன் வீட்டுக்குள் நுழைவாள். அவனை ஒருக்களிக்கப் புரட்டி, ஈர விரிப்பை முதுகோரம் சுருட்டி, உலர்ந்ததைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி இழுப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். முடிந்ததும் கட்டிலோரம் நின்று தன் நிபந்தனையை வாய்விட்டுச் சொல்வாள். அவனும் கேட்டுக்கொண்டு கிடப்பான்.

அண்ணன் இறந்துபோனான்.

அடக்கத்துக்கு மறுநாள், உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில், பெரியம்மா அலமாரியைத் திறந்து ஒரு விரிப்பை எடுத்தாள். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கக்கா கிளம்பிட்ட? அவன்கிட்டயா? உன் புள்ளையக் குடுத்தாரா உன் கர்த்தர்?"

"குடுக்கல."

"அப்புறம் என்ன?"

"போக வேண்டாம்னும் சொல்லலையே."

அம்மா என்னைப் பின்னாலேயே அனுப்பினாள். பெரியம்மா வராத நாட்களின் நாற்றம் அந்த அறையில் நின்றது.

"இனிமே வரமாட்டீங்கன்னு நெனச்சேன், அக்கா" என்று லாரிக்காரன் குழறினான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கைய நெஞ்சு மேல வை."

புரட்டினாள். முதுகில் தோல் உரிந்து சிவந்திருந்தது. துடைத்துவிட்டு, புது விரிப்பின் சுருக்கங்களை நீவி, வழக்கம்போல் கட்டிலோரம் நின்றாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். பெரியம்மா வாயைத் திறந்தாள்.

"சொன்னீர். வந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வரும்போது வாசற்படியில் அவளுக்குக் கால் இடறியது. அவனுடைய ஈர விரிப்பு இருந்த வாளியை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. எங்கள் வீட்டு அழுகை தெருமுனைவரை கேட்டது. வேறு யார் வீட்டிலோ அழுகிறார்கள் என்பதுபோல் சற்று நின்று கேட்டாள்.

"வீட்டுல சோப்பு இருக்கான்னு பாரு" என்று சொல்லி நடந்தாள்.