கறிவேப்பிலையில் பாதி

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள என் காய்கறிக் கடைக்கு அந்தப் பெண்மணி சனிக்கிழமைகளில் வருவார். குட்டையாக வெட்டிய நரைமுடி. மழை இல்லாத நாளிலும் ஒரு சாம்பல் நிற மழைக்கோட்டு. மற்றவர்கள் வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் ஒன்றையும் உடைக்காமல், பார்த்தே பிஞ்சு பொறுக்குவார். அதில் முற்றல் ஒன்றுகூட இருந்து நான் கண்டதில்லை. வக்கீலாக இருந்தபோது வரத் தொடங்கியவர், பிறகு நீதிபதியானார். போன மாதம் அப்பீல் கோர்ட்டுக்கு நியமனமான செய்தியைத் தமிழ் வானொலியில் சொன்னார்கள்.

செய்தி வந்த அடுத்த சனிக்கிழமை, எல்லாருக்கும் சும்மா போடும் கறிவேப்பிலையை இரண்டு கையாலும் அள்ளி அவர் பையில் வைத்தேன்.

"வாழ்த்துகள், அம்மா."

"போன கிழமை தங்கச்சி எண்டனீங்கள், அண்ணை," என்று சிரித்தவர் பையைப் பார்த்தார். "எல்லாருக்கும் இவ்வளவோ குடுக்கிறனீங்கள்?"

"இல்லை. இது எங்கட சந்தோஷத்துக்கு."

"சந்தோஷம் எனக்கும்தான். எல்லாருக்கும் குடுக்கிற அளவே எனக்கும் காணும்."

பாதியை எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்தார். பின்னால் நின்றவரிடம், "மன்னியுங்கோ, சுணக்கிப்போட்டன்," என்றார்.

என் மச்சானின் விசா வழக்கு அப்போது அதே அப்பீல் கோர்ட்டில் இருந்தது. அவனுக்கு நித்திரையே இல்லை. அன்று பின்னேரம் போன் எடுத்து, "கவலைப்படாத," என்றேன்.

"ஏன், அந்த ஜட்ஜிட்டச் சொல்லிப்போட்டியோ?"

"அவவிட்ட ஆரும் ஒண்டும் சொல்ல ஏலாது மச்சான். அதுதான் கவலைப்படாத எண்டுறன்."