அலரியடியில் செத்த ஆடு

கடற்கரைக் கிராமமான ஆலங்குடாவில் எங்கள் வேலியோரம் அலரிப் பூச்செடி நட்டிருந்தேன். ஒருநாள் காலை, அக்கா முறையில் நான் ராத்தா என்றழைக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் சினை ஆடு அதனடியில் வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது.

“உங்கட அலரியத் திண்டுதான் செத்திருக்கு, தங்கச்சி,” என்றார் ராத்தா. அவர் சத்தம் போடாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மிருக வைத்தியர் வந்து வயிற்றைக் கீறினார். உள்ளே பொலித்தீன் பைகள் பந்தாகத் திரண்டு கிடந்தன.

“அலரி நஞ்சுதான். ஆனா கசப்புக்கு ஆடு லேசில வாய் வைக்காது. இதில ஒரு இலையும் இல்ல,” என்றார்.

ராத்தா வீட்டுக்குப் போய்விட்டார். காய்ந்த இலையும் ஆபத்தென்று வைத்தியர் சொன்னதால், அலரியை வெட்டி ஆழப் புதைத்தேன். ராத்தாவின் மற்ற ஆடுகள் இப்போதும் பைகள் பறக்கும் கடற்கரையில்தான் மேய்கின்றன. பின்னேரம் அவை திரும்பும்வரை எனக்கு நிம்மதியில்லை.